சம்பந்தியம்மா பறித்து வந்த பூ

அன்றைக்குக் காலையில் எங்கள் தெருவில் இருந்தவர்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால், "நானும்தான் இருந்தேன், என் பேரைக் காணோமே" என்று யாராவது சண்டைக்கு வருவார்கள்.

நான், சரோஜா. என் வீட்டுக்காரர் ஏழுமலை, பந்தல்காரரோடு வாய்த்தகராறில். அவருடைய அக்கா, அதாவது என் நாத்தனார் குப்பம்மா, அதிரசக் கூடைக்குக் காவலாக வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு. என் மகன் முரளி, மறுநாள் மாப்பிள்ளை, கன்னத்தில் நலங்கு மஞ்சளோடு. எதிர்வீட்டு ஸ்டெல்லா. ஸ்டெல்லா வீட்டு மாடியில் தங்கியிருந்த கல்யாணப் பெண் மரிச்கா, வாயில் பிரஷ்ஷோடு. அவளுடைய தாய்மாமன் இவான், எங்கள் பந்தக்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டு. அப்புறம், தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு நின்ற தெருப் பெண்கள். அவர்கள் பேரையெல்லாம் எழுதினால் பத்திரிகைக்காரர் கொடுத்த பக்கம் அதிலேயே தீர்ந்துவிடும்.

இல்லாதவர் ஒருத்தர்தான். பெண்ணின் அம்மா பரஸ்கா. விடிந்ததிலிருந்து ஆளைக் காணோம்.

எனக்குக் கவலைப்பட யாரும் சொல்லித்தர வேண்டாம். பாஷை தெரியாத அம்மா. தெரு தாண்டினால் லாரி ஓடுகிற ரோடு. ரோடு தாண்டினால் ரயில் பாதை. நான் மனசுக்குள்ளேயே அவரை இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஒரு தடவை போலீஸ் ஸ்டேஷனில் தேடிவிட்டேன்.

அப்போது குடக்காரப் பெண்களின் பேச்சு பொட்டென்று நின்றது.

தெருமுனையில் பரஸ்கா வந்துகொண்டிருந்தார். தலையில் கட்டிய பூப்போட்ட துணி. கை முழுக்க நூல்வேலை செய்த வெள்ளைச் சட்டை. அவர்கள் ஊரில் பெண்கள் இடுப்புக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று கோடு போட்ட கம்பளித் துணி கட்டுவார்கள். அந்த முன்துணியை மடியாக ஏந்திப் பிடித்திருந்தார். மடி நிறையப் பச்சை இலையும் ரோஸ் நிறப் பூவும். நாற்று நடுகிறவர்கள் பாடுகிற மாதிரி வாய்விட்டுப் பாடிக்கொண்டே வந்தார்.

அந்தப் பூ எங்கே முளைக்கிறது என்று எங்கள் தெருவில் கைக்குழந்தைக்கும் தெரியும். உருக்காலை மதிலுக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் இருக்கிற சுடுகாட்டு வேலியில். நித்தியகல்யாணி என்று சர்க்கரைக்கு மருந்தாகப் பொடி செய்து விற்கிறார்களாம். விற்றுக்கொள்ளட்டும். எங்களுக்கு அது சுடுகாட்டுப் பூதான்.

"ஐயய்யோ! இன்னாடி இது, சரோசா!" என்று குப்பம்மா அண்ணி நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தார். "நாளைக்குத் தாலி ஏறப்போற ஊடு. உன் சம்மந்தி சுடுகாட்ட வாரி மடியில கட்டிக்கினு வருது!"

அது ஏதோ வரவேற்பு என்று நினைத்துக்கொண்டு பரஸ்கா மடியை விரித்துக் காட்டிச் சிரித்தார்.

"அங்கியே நில்லு தாயே! ஒரு கால் உள்ள வெச்ச, இந்தப் பந்தலப் பிரிச்சிடுவேன் நானு!"

பரஸ்கா நின்றார்.

மலைக்காரர்கள்

முரளி ருமேனியாவுக்குப் போன கதையைப் போன வாரம் எழுதினேன். படிக்காதவர்களுக்காக இரண்டு வரி. பிளைவுட் கம்பெனியில் மெஷின் பிட்டர் வேலை. கேன்டீனில் கணக்குப் பார்க்கிற பெண் மரிச்கா. குழம்பில் காரம் இல்லை என்று சண்டைக்குப் போனவன், கல்யாணத்தில் வந்து நின்றான்.

மரிச்கா அந்த நாட்டின் வடக்கு மூலையில் மலைமேல் இருக்கிற ஊர்க்காரி. அவர்களை ஹுட்சுல் சனம் என்பார்களாம். ஆடு மேய்ப்பு, மரவேலை, கம்பளி நெசவு. வீடெல்லாம் மரம். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒரு சரிவே இருக்கும். கல்யாணமோ சாவோ, ஆளை விட நீளமான மரக்கொம்பு ஒன்றை ஊதினால்தான் அடுத்த குன்றுக்குச் சேதி போகும். எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து "நூறாயுசு" என்று குரல் வரும். அந்த மலையிலிருந்து ஒரு பெண் இந்தச் சுவருக்குள் எப்படி இருப்பாள் என்பது என் முதல் கவலை.

இரண்டாவது கவலை, இவான் மாமா கொண்டுவந்த கோடாரி. பித்தளைத் தலை, செதுக்கு வேலை செய்த காம்பு. கல்யாணத்தன்று மாப்பிள்ளை கையில் பிடிக்க வேண்டுமாம். ஏர்போர்ட்டில் பிடித்துக்கொள்வார்கள், கல்யாணத்துக்கு முன்னால் சம்பந்தியை ஜாமீனில் எடுக்க வேண்டியிருக்கும் என்று அவர்கள் வரும் முன்பே நான் புலம்பினேன்.

"மொண்ணக் கோடாரிமே அது," என்றார் என் வீட்டுக்காரர். "உன் நாக்கு அத்த விடக் கூரு."

நான் கும்மிடிப்பூண்டி எஸ்டேட் கேட் முன்னால் நாஷ்டா கடை போடுகிறவள். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஷிப்டு மாறுகிற நேரத்தில் எத்தனை ஊர் ஆட்களைப் பார்த்திருக்கிறேன்! பீகார், ஒடிசா, ஆந்திரா. எல்லோருக்கும் கை நீட்டி இட்லி எத்தனை என்று கேட்டுவிடுவேன். பரஸ்காவிடம் மட்டும் கையும் வரவில்லை, வாயும் வரவில்லை. சம்பந்தியாயிற்றே.

அவர்தான் முதலில் என் சமையல்கட்டுக்குள் வந்தார். மக்காச்சோள மாவைக் கொதிக்கவிட்டு மரக்கரண்டியால் கிண்டி, ஊரிலிருந்து கொண்டுவந்த ஆட்டுப்பால் கட்டியை மேலே உதிர்த்து, என் வீட்டுக்காரருக்கு ஒரு தட்டு நீட்டினார். அவர் தின்று பார்த்துவிட்டு, "நம்ம கேவுரு களிக்கு இது தங்கச்சிடி," என்றார். அதற்குப் பிறகு சமையல்கட்டில் பாஷை தேவைப்படவில்லை.

மரிச்காவுக்குத் தமிழ் வரும். கற்றுக்கொடுத்தது என் மகன் என்பதுதான் சங்கடம். வந்த முதல் நாள் பெரியத்தை என்று முரளி கூப்பிடுகிற குப்பம்மா அண்ணியைக் கையெடுத்துக் கும்பிட்டு, "இன்னா பெரீத்த, நாஷ்டா துன்னியா?" என்று கேட்டாள்.

நான் பூமிக்குள் போய்விட்டேன். அண்ணியோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்து, "வெள்ளக்காரி இல்லடி இவ, வியாசர்பாடிக்காரி," என்றார்.

அந்த அண்ணிதான் இப்போது பந்தலைப் பிரிப்பேன் என்று நிற்கிறார்.

வேப்பஞ்சேலை

பரஸ்கா ஏன் இலையைத் தேடிப் போனார் என்பதற்கு நானும் ஒரு காரணம்.

முரளி வெளிநாடு போனபோது பெரியபாளையத்தம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தேன். பிள்ளை நல்லபடியாகத் திரும்பினால் வேப்பஞ்சேலை கட்டி வருகிறேன் என்று. விமானம் விழக்கூடாது, குளிரில் சளி பிடிக்கக்கூடாது, ஏஜெண்ட் ஏமாற்றக்கூடாது என்று மூன்றுக்கும் சேர்த்து ஒரே வேண்டுதல். கல்யாணத்துக்கு முன்னால் செலுத்திவிடுவோம் என்று எல்லோரையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனோம்.

புடவைக்கு மேல் வேப்பிலைக் கொத்துகளைச் சுற்றிக் கட்டிக்கொண்டு நான் கோயிலை வலம் வந்தேன். இலை கழுத்தில் உரசுகிறது, கசப்பு வாடை மூக்கில் ஏறுகிறது, கால் சுடுகிறது. என்னைப் போல எத்தனையோ பேர், எல்லோரும் பச்சை பச்சையாக. முடித்து வந்ததும் பரஸ்கா என் எதிரில் நின்று, இடுப்பில் தொங்கிய ஒரு கொத்தைப் பிடித்துப் பார்த்தார். ஒரு இலையைக் கிள்ளிக் கடித்தார். முகம் சுளித்துப் போனது. ஆனால் துப்பவில்லை. மென்று விழுங்கிவிட்டு என் தோளில் முத்தம் கொடுத்தார்.

"அம்மா இன்னா சொல்றாங்க?" என்று மரிச்காவைக் கேட்டேன்.

"இலைய உடுத்துற சனம் அத்த நீங்க. பொண்ண சரியான இடத்துலதான் குடுக்கிறேன், சொல்றா."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதில்தான் வினை இருக்கிறது என்று அப்போது தெரியாது.

ஸ்டெல்லா செய்த உதவி

அவர்கள் ஊரில் தாலி கிடையாது. தாய் தைத்த பச்சை இலை முடிதான், கிரீடம் மாதிரி. பார்வினோக் என்று ஒரு கொடி. அதன் இலையைச் சிவப்பு நூலால் துணிப்பட்டையில் தைத்து, பூண்டும் காசும் கோத்து, தேன் தடவி, கல்யாணத்துக்கு முந்தின நாள் பெண்ணின் தலையில் வைப்பார்கள். முதல் தையல் போடுவதற்கு முன்னால் தாய் மூன்று முறை ஆசீர்வாதம் கேட்பாள். மாப்பிள்ளை வீட்டில் மூத்த பெண்பிள்ளை, இங்கே என்றால் குப்பம்மா அண்ணி, மூன்று முறையும் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஊசி இறங்காது. ஊசி இறங்காவிட்டால் பெண் கிளம்ப மாட்டாள்.

"வெளையாட்டா எடுத்துக்காத அத்த," என்று மரிச்கா என்னிடம் சொல்லியிருந்தாள். "முடி இல்லாம அம்மா வாழ்த்த மாட்டா. அவ வாழ்த்தல, நான் உன் புள்ள பக்கத்துல உக்கார மாட்டேன். அம்மா கூடவே ஊருக்குப் போய்டுவேன்."

சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

பரஸ்கா தன் ஊரிலிருந்தே அந்தத் தழையை வெட்டி, ஈரத்துணியில் சுற்றி, பெட்டிக்குள் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். இங்கே வந்தும் பச்சை மாறவில்லை. மாடியில் வைகாசி வெயில். வாடிவிடுமே என்று ஸ்டெல்லாவுக்குக் கவலை வந்துவிட்டது. எங்கள் தெருவில் எனக்கு அடுத்த கவலைக்காரி அவள்தான்.

அவர்கள் ஊரில் இந்தத் தழை குளிர்காலம் முழுக்கப் பனிக்கு அடியிலேயே பச்சையாகக் கிடக்கும் என்று மரிச்கா பெருமையாகச் சொல்லியிருந்தாள். ஸ்டெல்லா அதைக் கேட்டாள். நல்ல மனசோடு தழையைத் தூக்கி, ஃப்ரிட்ஜின் மேல்தட்டில், ஐஸ் கட்டுகிற பெட்டிக்குள் வஞ்சிர மீனுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

எடுத்தபோது கண்ணாடி மாதிரி இருந்தது. தரையில் வைத்த கொஞ்ச நேரத்தில் கறுத்து, கொழகொழவென்று கீரை மசியல் ஆகிவிட்டது.

"பனியில நல்லாருக்கும்னு சொன்னாங்களேக்கா!" என்று ஸ்டெல்லா என் மடியில் விழுந்து அழுதாள். "கர்த்தரே, ஒரு கல்யாணத்தையே கெடுத்துட்டனே!"

பரஸ்கா திட்டவில்லை. கறுத்த தழையை மோந்து பார்த்தார். மீன் வாடை. கையைக் கழுவிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். அன்றைக்கு ராத்திரி சாப்பிடவும் கீழே இறங்கவில்லை. விடிந்தால் முடி தைக்கிற நாள்.

இலையை உடுத்துகிற சனத்தின் ஊரில் இலைக்குப் பஞ்சமா என்று நினைத்தாரோ என்னவோ, விடிந்ததும் காணாமல் போனார். இப்போது மடி நிறையப் பூவோடு தெருவில் நிற்கிறார்.

வேலி ஓரத்து மல்லிகா

"தலைக்குத் தண்ணி ஊத்திக்கினு வரட்டும். பூவ அங்கியே கொட்டட்டும்," என்றார் அண்ணி. "டேய் முரளி, சொல்றா உன் மாமியாருக்கு."

முரளி என்னைப் பார்த்தான். பிறகு அவன் அப்பாவைப் பார்த்தான். "நைனா, நீயாவது சொல்லேன்."

"எங்கக்கா கிட்டயா?" என்று என் வீட்டுக்காரர் பந்தல் கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்ட ஆரம்பித்தார்.

மரிச்கா வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு ஓடிவந்தாள். அம்மாவிடம் பேசினாள். பரஸ்காவின் சிரிப்பு போயிற்று. ஆனால் மடியை விடவில்லை. மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக ஏதோ சொன்னார். மரிச்கா எங்கள் பக்கம் திரும்பினாள்.

"அம்மாவுக்குத் தெரியுமாம் பெரீத்த. சுடுகாடுன்னு தெரிஞ்சிதான் எடுத்தா. எங்க ஊர்லயும் பார்வினோக் அங்கதான் கீது. ஆயா மேல கீது. எங்கப்பா மேல கீது. அங்கேர்ந்து கிள்ளிதான் கல்யாண முடி தைப்பாங்க. செத்துப்போனவங்க கல்யாணத்துக்கு வர்றதுக்கு வேற வழி இல்லன்னு சொல்றா."

குடக்காரப் பெண்கள் இடுப்புக் குடத்தைக் கீழே இறக்கி வைத்தார்கள்.

"இன்னொண்ணும் சொல்றா. கல்யாணம் ஆகாம ஒரு பொண்ணு செத்துட்டா, அவளுக்கும் இதே முடி தச்சி, தலைல வெச்சிதான் அனுப்புவாங்க."

நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி தரையைப் பார்த்தார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரருக்கு ஒரு தங்கை இருந்தாள். மல்லிகா. சம்பந்தம் பேசி, தட்டு மாற்றி, புடவையெல்லாம் எடுத்து வைத்த பிறகு மஞ்சள்காமாலையில் போய்விட்டாள். கன்னிப்பெண் என்பதால் எரிக்கவில்லை, புதைத்தார்கள். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வருவதற்கு முன்னால் நடந்தது. நான் அவளைப் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் எங்கள் பக்கத்தில் வீட்டில் கல்யாணம் என்றால் முதல் படையல் அப்படிப் போன பெண்ணுக்குத்தான். பூவாடைக்காரி என்போம். புதுப்புடவை, வளையல், பூ, பொங்கல் எல்லாம் வைத்து, "வந்து முன்னால் நின்று நடத்திக்கொடு தாயே" என்று பேர் சொல்லிக் கூப்பிடுவோம்.

முந்தின நாள் சாயங்காலம்தான் கூப்பிட்டோம். கூப்பிட்டது குப்பம்மா அண்ணி. மூன்றாம் தடவை கூப்பிடும்போது அழுதுவிட்டார்.

நான் சபையில் பேசுகிறவள் இல்லை. கடையில் சில்லறை குறைந்தால்கூடக் கேட்கத் தயங்குவேன். அண்ணியை எதிர்த்துப் பேசினால் கல்யாணம் நிற்கும். பேசாவிட்டாலும் நிற்கும். இரண்டு பக்கமும் கவலை சமமாக வந்து நின்றதும், நடுவில் கொஞ்சம் இடம் கிடைத்த மாதிரி இருந்தது. வாயைத் திறந்துவிட்டேன்.

"அண்ணி, நேத்து மல்லிகாவக் கூப்ட்டமே."

"அதுக்கு?"

"பொடவ வெச்சோம். வளையல் வெச்சோம். வாம்மா வாம்மான்னு நீதான அழுதுக்கினே கூப்ட்ட. அவ எங்கேர்ந்து அண்ணி வருவா? அவ படுத்துக்கினு கீறது எங்க? அந்த வேலி ஓரந்தான? வரச்சொல்லிக் கூப்ட்டுட்டு, வந்தப்புறம் வாசல்லயே நிறுத்தி, தலைக்கு ஊத்திக்கினு வான்றியா?"

சொல்லி முடித்தேன். அந்த நேரம் பார்த்து உருக்காலைச் சங்கு ஊதியது. அது நிற்கிற வரைக்கும் எல்லோரும் அப்படியே நின்றோம்.

அண்ணி வாசல்படி இறங்கினார். நேராகப் பரஸ்காவின் எதிரில் போய் நின்றார். மடிக்குள் கையை விட்டு ஒரு கிளையை எடுத்தார். இலையைக் கட்டைவிரலால் தேய்த்தார். விரல் கறுத்தது.

"சரோசா."

"அண்ணி?"

"ஒரே கரியா கீதுடி. மில்லுத் தூசி. கழுவாம எப்பிடித் தலைல வெக்கிறது? ஸ்டெல்லா! அழுதது போதும், அன்னக்கூடைய எடுத்தா!"

மூன்று முறை

அந்த இலைகளைக் கழுவிய தண்ணீர் டிகாக்ஷன் நிறத்தில் ஓடியது. நாலு தண்ணீர் மாற்றிய பிறகு இலை பளபளவென்று வந்தது. இவான் மாமா ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தலையாட்டினார். அவர்கள் ஊரில் பூ நீலமாம். இலை இதேதானாம். இலைதானே முக்கியம்.

பந்தலுக்கு நடுவில் பெஞ்ச் போட்டு, மேலே வெள்ளைத் துணி விரித்தோம். பரஸ்கா உள்ளே போய், ஆட்டுத்தோலில் பூவேலை செய்த கையில்லாத கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். வைகாசி மாதம். கும்மிடிப்பூண்டி. நான் மயக்கத்துக்குச் சோடாவும் எலுமிச்சம்பழமும் எடுத்து வைத்துக்கொண்டேன். ஸ்டெல்லா டேபிள் ஃபேனைத் தூக்கிவந்து அவர் முகத்துக்கு நேராக வைத்தாள்.

ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு பரஸ்கா அண்ணியைப் பார்த்து முதல் முறை கேட்டார். எங்களுக்கு வார்த்தை புரியவில்லை. யாருக்கும் புரிய வேண்டியிருக்கவும் இல்லை.

"நல்லாருக்கட்டும்," என்றார் அண்ணி.

இரண்டாம் முறை.

"நல்லாருக்கட்டும்!" இந்த முறை அண்ணியோடு ஸ்டெல்லாவும் நானும்.

மூன்றாம் முறை. அண்ணி தெருவைத் திரும்பிப் பார்த்து, "இன்னாங்கடி, வாயில கொழுக்கட்டையா? சொல்லுங்க எல்லாரும்!" என்றார்.

"நல்லாருக்கட்டும்!"

தெருவே சொன்னது. குடத்தோடு நின்ற பெண்கள் சொன்னார்கள். பந்தல்காரர் ஏணி மேலிருந்து சொன்னார். எப்போது வந்து நின்றது என்று தெரியாத தண்ணீர் லாரியின் டிரைவர், என்ன ஏது என்று தெரியாமலே நீளமாக ஒரு ஹாரன் அடித்தார். இவான் மாமா கையைத் தட்டினார். அவர்கள் மலைக்கொம்பும் இப்படித்தான் கத்துமாம்!

ஊசி இறங்கியது.

முதல் தையல் பரஸ்கா. இரண்டாவதை அண்ணி கையில் கொடுத்தார். மூன்றாவது எனக்கு. பிறகு கைமாறிக் கைமாறித் தெருப் பெண்கள் எல்லோரும் ஆளுக்கு ஒரு இலை. பூண்டு என் கடைப் பூண்டு. காசுக்கு, அவர்கள் ஊர்க் காசோடு எங்கள் ஒரு ரூபாயும் சேர்ந்தது. தேன் தடவியதும் எறும்பு வருமே என்று எனக்கு ஒரு கவலை வந்தது. வந்தது, போய்விட்டது. முன்பெல்லாம் வந்த கவலை ஒன்றாவது அப்படித் தானாகப் போனதாக நினைவில்லை.

முடியை மரிச்கா தலையில் வைத்ததும் பரஸ்கா மகளின் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு சத்தமாக வாழ்த்தினார். மஞ்சள் பூசிய முகம், அரக்குப் புடவை, பச்சை முடி, ரோஸ் பூ. முரளி வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

"இன்னா பாக்கிற?" என்று மரிச்கா கேட்டாள். "மூஞ்சிய தொடச்சிக்கோ. மஞ்ச ஒழுகுது."

பெஞ்சில் கொஞ்சம் இலை மீந்தது. அண்ணி யாரிடமும் சொல்லவில்லை. சிவப்பு நூலை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பிறகு நான் விளக்கேற்றப் போனபோது, மல்லிகாவுக்கு வைத்த புடவை மேல் உள்ளங்கை அகலத்தில் இன்னொரு முடி இருந்தது. தையல் கோணலாக இருந்தது.

வாசலை மறித்தார்கள்

மறுநாள் விடிகாலை பெண் அழைக்க மேளத்தோடு போனோம். போகிற தூரம் தெருவின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம். எங்களில் கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில்தான், பெண்ணை நாங்கள்தான் போய் அழைத்துவர வேண்டும். தட்டு, பழம், பூ எல்லாம் சரியாக இருக்கிறதா என்று எண்ணி எண்ணி நான் பின்தங்கிவிட்டேன். முன்னால் மேளம் திடீரென்று நின்றது.

ஸ்டெல்லா வீட்டு கேட்டுக்குக் குறுக்கே பெஞ்ச் போட்டிருந்தது. பெஞ்ச் மேல் குப்பம்மா அண்ணி கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு பக்கமும் ஸ்டெல்லாவும் தெருப் பெண்களும் கையைக் கோத்துக்கொண்டு நின்றார்கள். பின்னால் பரஸ்காவும் இவான் மாமாவும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மலை ஊரில் பெண் வீட்டார் இப்படித்தான் வாசலை மறித்துப் பேரம் பேசுவார்களாம். பெண்ணுக்கு விலை வைக்காமல் மாப்பிள்ளை உள்ளே போக முடியாதாம். ஆனால் பெண் பக்கம் இங்கே இருந்தது இரண்டே பேர். இரண்டு பேரால் எப்படி மறிப்பது? ராத்திரியோடு ராத்திரியாக எங்கள் ஆட்கள் பாதிப்பேர் அந்தப் பக்கம் சேர்ந்துவிட்டார்கள். தலைவி என் நாத்தனார்.

"அக்கா, வெளையாடாத. முகூர்த்தம் ஆவுது," என்றார் என் வீட்டுக்காரர்.

"யார்ரா அக்கா? நான் பொண்ணு ஊட்டு ஆளு. டப்ப வெச்சிட்டு எம்பொண்ணக் கூட்டிக்கினு போ."

"எவ்ளோ?"

"பத்தாயிரத்து ஒண்ணு."

"பத்தாயிரமா! கூடப்பொறந்த தம்பிகிட்டயே வழிப்பறியா?"

"எம்பொண்ணு மலையேறி எறங்கி, ஏழு கடலு தாண்டி வந்திருக்குது. உம்புள்ள இன்னா, தெருவத் தாண்டி வந்திருக்கான். அதுக்கே மேளம் வேற."

தெரு சிரித்தது. என் வீட்டுக்காரர் ஐந்நூற்றொன்றை எடுத்து நீட்டினார். அண்ணி அதை வாங்கி ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு, "முன்பணம் வந்துச்சி, மேல சொல்லு," என்றார். முரளி அந்த மொண்ணைக் கோடாரியைக் கையில் பிடித்துக்கொண்டே கெஞ்சினான். பூசாரி கடிகாரத்தைக் காட்டினார். மாடியிலிருந்து மரிச்கா எட்டிப் பார்த்து, "பெரீத்த, கம்மி பண்ணாத! ஸ்ட்ராங்கா நில்லு!" என்று கத்தினாள்.

ஐயாயிரத்து ஒன்றுக்குப் படிந்தது. கையில் பணம் இல்லை. எல்லாம் சமையல்காரருக்குப் போயிருந்தது.

"மீதிக்கு நான் ஜவாப்பு," என்றேன். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து, பழத்தட்டும் கையுமாக. நேற்று வரை சபையில் வாய் திறக்காதவள், இரண்டாம் நாளாகத் திறந்தேன். "சம்மந்தி முன்னால சொல்றேன். எடுங்க பெஞ்ச!"

பெஞ்ச் நகர்ந்தது. மேளம் வெடித்தது. பச்சை முடியோடு மரிச்கா படியிறங்கி வந்தாள். ஒரு பக்கம் பரஸ்கா, ஒரு பக்கம் குப்பம்மா அண்ணி. மாப்பிள்ளை வீட்டு மூத்தவர், பெண் வீட்டுக்காரியாக நடந்து வந்தார். தாலி ஏறியது. அந்த முடிக்கு மேல்தான் அட்சதை விழுந்தது. அதில் ஒரு அரிசிகூட வேறெங்கும் போகவில்லை என்று நான் சத்தியம் செய்வேன்.

பரஸ்கா ஊருக்குப் போய்விட்டார். முரளியும் மரிச்காவும் திரும்ப வேலைக்குப் போய்விட்டார்கள். அண்ணி மட்டும் பொங்கலுக்கும் ஆடிக்கும் வாசலில் வந்து நின்று, "இன்னா சரோசா, எங்க பொண்ணு ஊட்டு டப்பு?" என்று கேட்பார். நான் காபி கொடுப்பேன். குடித்துவிட்டுப் போய்விடுவார். கட்டிவிடலாம் என்று ஒரு தடவை எடுத்துக்கொண்டு போனேன். "கட்டிட்டா அப்புறம் நான் யாரு, உன் நாத்தனாதான?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கடன் என்றால் எனக்குத் தூக்கம் வராது. இந்த ஒரு கடனை நினைத்துக்கொண்டு நன்றாகவே தூங்குகிறேன்.

பாக்கி: நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்.